ஸ்டைபெண்ட் உண்டா என்று கேட்கலாமா?

கல்லூரியின் கடைசி வருஷத்தை எட்டிவிட்ட பிள்ளைகளும், பட்டம் கைக்கு வந்து மாதங்கள் பல ஆகியும் உத்தியோகம் அமையாத பிள்ளைகளும் என்னிடம் வந்து பேசும்போது, இன்டர்ன்ஷிப் எங்கே கிடைக்கும், எப்படி விண்ணப்பிப்பது, எதைக் கூடுதலாகக் கற்றுக்கொண்டால் சுலபமாக எடுத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் தாராளமாகக் கேட்டுவிட்டு, மாதம் என்ன தருவார்கள் என்ற கேள்வி வரும் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வதை நான் நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். பணத்தைப் பற்றி வாய் திறந்தால், கற்கும் சிரத்தை இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் சொல்லிச் சொல்லி உண்டாக்கிய பயம் அது. ஆகையால் அதைப் போக்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதே என்று கருதி இந்தப் பதிவைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்காலத்தில் கொடுக்கப்படும் தொகை, நிறுவனம் மனமிரங்கிச் செய்கிற உபகாரமன்று. ஒரு துறைக்குள் யார் நுழையலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பதே அந்தத் தொகைதான். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டும் ஒருவருடைய மகள், கம்ப்யூட்டர் சயின்ஸில் நல்ல மதிப்பெண் வாங்கியவள், சென்னையில் மூன்று மாத ஊதியமில்லாப் பயிற்சி ஒன்றுக்குத் தேர்வாகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தரமணிப் பக்கம் மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்ளும் ஹாஸ்டல் அறை, அதற்கு அட்வான்ஸ், மெஸ் சாப்பாடு, பஸ் பாஸ், ஊருக்கு ஒரு முறையேனும் போய்வரும் செலவு என்று எவ்வளவு இறுக்கிப் பிடித்துக் கணக்குப் போட்டாலும் மாதம் எட்டாயிரம் ஒன்பதாயிரத்துக்குக் குறையாது. அவளோடு கூடவே தேர்வான, அடையாற்றில் சொந்த வீட்டிலிருந்து போய்வரும் பையனுக்கோ பஸ் கட்டணமும் மத்தியானச் சாப்பாடுமே செலவு. இருவருக்கும் யோக்கியதை ஒன்றுதான்; ஆனால் மூன்று மாதம் கழித்து அவனுடைய ரெஸ்யூமேயில் ஒரு வரி இருக்கும், அவளுடையதில் இராது; அடுத்த இடத்தில் விண்ணப்பங்களைச் சலிக்கிறவர் அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் சலிப்பார். குடும்பத்தின் வசதியில் இருந்த வித்தியாசம் இப்படியாகத் திறமையின் வித்தியாசமாகப் பதிவாகிவிடுகிறது. இது எனக்குப் பெரும் மனவருத்தம் தருகிற விஷயம்.

ஆகவே எங்கே தேடுவது என்று கேட்பவர்களிடம், பணம் கொடுப்பதை யாருடைய தயவுக்கும் விட்டுவிடாமல் சட்டமோ விதியோ முன்கூட்டியே நிர்ணயித்திருக்கிற இடங்களிலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லுகிறேன். இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் நடப்பவற்றுக்கெல்லாம் ஊதியம் கொடுத்தே தீரவேண்டும் என்று விதிக்கும் பொதுச்சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் அதே பிள்ளையை அப்ரண்டிஸ் என்று பதிவுசெய்து எடுத்தால் கொடுத்தே ஆகவேண்டும். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஐ.டி.ஐ. படித்த பிட்டர்களுக்கும் டர்னர்களுக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் இன்னும் பல கல்லூரிகளில் நிலவுகிறது. அது சரியன்று. 1973-இல் செய்த திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமாக்காரர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் பி.ஏ., பி.எஸ்ஸி., பி.காம். படித்தவர்களுக்கும் வழி திறந்துவிட்டது. 2019-இல் திருத்திய விதிகளின்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தபட்சம் ரூ. 9,000, டிப்ளமா பெற்றவருக்கு ரூ. 8,000 என்று தொகை நிர்ணயமாயிற்று. முப்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனம் எதுவாயினும், தன் ஆட்பலத்தில் நூற்றுக்கு 2.5 முதல் 15 வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளதே.

இந்தச் சட்டத்தை நான் பிள்ளைகளிடம் விடாமல் பிரஸ்தாபிப்பதற்குத் தொகை மட்டுமே காரணமன்று. ஒரு மாதத்துக்குரிய ஸ்டைபெண்டை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும்; செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் கணக்குப் பார்க்கக் கூடாது; உரிய அதிகாரியின் அனுமதியின்றி ஓவர்டைம் வாங்கக் கூடாது; பயிற்சியின்போது காயம்பட்டால் நஷ்டஈடு உண்டு. இவ்வளவும் அந்தச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் எழுதியிருக்கின்றன. இரவு பத்து மணிவரை உட்கார்ந்து வேலை செய்வதே ஆர்வத்துக்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு, தன் நேரத்துக்கும் உடம்புக்கும் ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு என்று தெரிவதே பெரிய தைரியம்.

தமிழ்நாட்டில் பட்டதாரிகளுக்கும் டிப்ளமாக்காரர்களுக்குமான இந்த அப்ரண்டிஸ் பயிற்சியைக் கவனிக்கும் தென்மண்டல வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. அதன் வாயிலாக, தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் தளத்தில் பெயரைப் பதிந்து எண் ஒன்றைப் பெற்றுக்கொண்டால், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் முதல் நெய்வேலி என்.எல்.சி. வரை வெளியிடும் அறிவிப்புகளுக்கும், தனியார் ஆலைகளின் காலியிடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குப் பெரம்பூர் ஐ.சி.எஃப்., திருச்சி பொன்மலைப் பணிமனை போன்ற ரயில்வே இடங்கள் தனி வழி. அங்கே பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் கடைநிலைப் பணியிடங்களில் நூற்றுக்கு இருபது ஒதுக்கீடும் இருக்கிறது.

பதிவுசெய்யும்போது பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் எது தெரியுமா? பெயர்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கும்; ஆதாரில் தகப்பனார் பெயர் முழுதுமாக விரிந்து நிற்கும்; பாங்கிக் கணக்கோ பள்ளிக்கூடத்தில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்தது, அதில் இனிஷியலே இராது, அல்லது மைனர் கணக்காகவே உறங்கிக்கொண்டிருக்கும். ஸ்டைபெண்டில் அரசாங்கம் தரும் பங்கு ஆதாரோடு இணைத்த கணக்குக்கு நேரே வருவதானால் இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பணம் மாதக்கணக்கில் நின்றுவிடும். இடம் கிடைத்த பிறகு இ-சேவை மையத்துக்கும் பாங்கிக்கும் அலைவதைவிட, மூன்றாம் வருஷத்திலேயே ஒரு விடுமுறையில் இதைச் சரிசெய்துகொள்வது எவ்வளவோ மேல்.

இந்த அப்ரண்டிஸ் வழியின் எல்லையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு வருஷப் பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் முதலாளிக்குப் பொதுவாக இல்லை. கொடுத்தால் ஏற்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் உங்களுக்கும் இல்லை. மேலும், வேறு எங்கேனும் ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் பெற்றுவிட்டவர்கள் பட்டதாரி அப்ரண்டிஸாகச் சேர முடியாது. இதை அறியாமல், ‘டிரெய்னி’ என்ற பெயரில் நாலாயிரம் ஐயாயிரத்துக்கு உள்ளூரில் ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டு, பிறகு ஒன்பதாயிரத்துக்கான வாய்ப்பையும் இழந்து நிற்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஆகவே பட்டம் வாங்கிய கையோடு செய்யவேண்டிய காரியம் இது.

பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றியும் பலர் விசாரிக்கிறார்கள். 2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கியபோது அந்தத் திட்டத்தில், பெரிய கம்பெனிகளில் பன்னிரண்டு மாதம் பயிற்சி, மாதம் ரூ. 5,000, அதில் ரூ. 4,500 அரசாங்கம் தருவது, ரூ. 500 கம்பெனி தருவது என்று இருந்தது. சேரும்போது ஒரு தடவை ரூ. 6,000. அப்போது வயது 21 முதல் 24 வரை என்றும், முழுநேரமாகப் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருக்கக் கூடாது என்றும், குடும்பத்தில் எவருடைய வருமானமும் ஆண்டுக்கு எட்டு லட்சத்தைத் தாண்டக் கூடாது என்றும் நிபந்தனைகள் இருந்தன. நோக்கம் நல்லது. ஆனாலும் ஐயாயிரத்தில் வெளியூரில் வாழ முடியாது என்பது மேலே போட்ட கணக்கிலிருந்தே தெரியும். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடம் அமைந்தால் மட்டும் இதை ஏற்றுக்கொள்ளும்படி நான் சொல்லுகிறேன்.

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு வேறொரு நல்ல வழி இருப்பது, மாவட்டத் தலைநகரங்களுக்கு அப்பால் உள்ள கல்லூரிகளில் அநேகமாகத் தெரிவதேயில்லை. சர். சி. வி. ராமன் 1934-இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமி, வேறு இரண்டு அகாதெமிகளோடு சேர்ந்து, ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களையும் ஆசிரியர்களையும் தேர்ந்தெடுத்து, நாடெங்குமுள்ள ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு விஞ்ஞானியின் கீழ் இரண்டு மாத காலம் வேலை செய்ய உதவித்தொகையோடு அனுப்புகிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் வெளிக் கல்லூரி மாணவர்களுக்குக் கோடைக்கால உதவித்தொகைத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. இவற்றில் முக்கியமானது காலம். அகாதெமியின் மே மாதப் பயிற்சிக்கு முந்தின வருஷத்தின் பிற்பகுதியிலேயே விண்ணப்பம் போகவேண்டும். செமஸ்டர் தேர்வு முடிந்து, ஏப்ரலில் நிதானமாகத் தேடத் தொடங்குகிறவர்களுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் பணம் தராத இடங்களே. விண்ணப்பத்தோடு எழுதக் கேட்கும் அந்த ஒரு பக்கத்தில், இந்தத் துறையில் சிறுவயது முதலே ஆர்வம் என்று பொதுப்படையாக எழுதாமல், ஆய்வுக்கூடத்தில் தாம் செய்த ஒரு சோதனை, அதில் எதிர்பார்த்தபடி வராத ஓர் அளவு, அது ஏன் வரவில்லை என்று யோசித்த யோசனை, இவற்றை எழுதினால் அதன் மதிப்பே வேறு.

சட்டம் படித்தவர்கள் சீனியரிடம் சேர்ந்தால் முதல் சில வருஷங்கள் கையிலிருந்து செலவு செய்தே காலந்தள்ள வேண்டும் என்பது நெடுநாளைய சம்பிரதாயம். 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இதில் தலையிட்டு, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் ரூ. 20,000-க்கும் பிற இடங்களில் ரூ. 15,000-க்கும் குறையாமல் கொடுக்க ஏற்பாடு செய்யும்படி பார் கவுன்சிலுக்குச் சொன்னதைப் படித்தபோது நான் மனப்பூர்வமாகச் சந்தோஷப்பட்டேன். எல்லா ஆபீஸ்களிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை; ஆனால் இனி ஒரு ஜூனியர் இதைப் பற்றிப் பேசும்போது அவன் பேச்சுக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு ஒன்று மட்டும். ‘அவுட்ரீச்சி’, கூகுள் 2005 முதல் நடத்தும் ‘சம்மர் ஆஃப் கோட்’ ஆகியவை வீட்டிலிருந்தே திறமூல மென்பொருளில் வேலை செய்து டாலரில் ஸ்டைபெண்ட் பெறும் வழிகள். ஊர் மாறவேண்டிய செலவே இல்லை. இவற்றில் தேர்வு, ரெஸ்யூமேயை வைத்து நடப்பதில்லை. விண்ணப்பிக்கும் முன்னரே அந்தத் திட்டத்தின் மூலநிரலைப் படித்து, சிறு பிழைகளைத் திருத்தி அனுப்பியவர்களுக்கே பெரும்பாலும் இடம். ஆகவே இதற்கும் சில மாத முன்னேற்பாடு தேவை.

இனி, எந்த விதியிலும் திட்டத்திலும் அகப்படாத, ஆனால் எனக்கு மிகவும் நம்பிக்கையுள்ள வழி: உங்கள் ஊரிலேயே இருக்கும் சிறு ஸ்தாபனங்கள். கோவையில் பம்பு வார்ப்படம் செய்கிறவர்கள், ஓசூரில் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைகிறவர்கள், சிவகாசி அச்சகங்கள், கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிறவர்கள் யாரும் இன்டர்ன் தேவை என்று விளம்பரம் போடுவதில்லை. ஆனால் முடிக்காமல் கிடக்கும் வேலை எல்லோரிடமும் இருக்கிறது. அந்த வேலையைக் கண்டுபிடித்துச் சொல்கிறவருக்குப் பணம் கொடுக்க அவர்கள் பெரும்பாலும் தயங்குவதில்லை. கரூரில் பி.காம். கடைசி வருஷம் படித்த ஒரு பெண், அக்கம்பக்கத்து ஏற்றுமதி ஆபீஸ்களில் ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் மாதக்கணக்கில் நின்றுபோவதைப் பற்றித் தன் மாமா பேசக் கேட்டிருக்கிறாள். ஷிப்பிங் பில்லில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி.ஆர்-1 கணக்கில் ஏற்றிய எண்ணும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் ரீஃபண்ட் நின்றுவிடும். உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க ஆபீஸில் ஆளிராது. அவள் ஓர் உரிமையாளருக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் காட்டினாள்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் இவ்வூர்க் கல்லூரியில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டேலியும் எக்செல்லும் தெரியும். ஷிப்பிங் பில்களையும் ஜி.எஸ்.டி.ஆர்-1 பதிவுகளையும் ஒப்பிட்டு, எண் மாறியதால் ரீஃபண்ட் நிற்கும் இன்வாய்ஸ்களைத் தனியே பட்டியலிட்டு உங்கள் ஆடிட்டரிடம் கொடுக்க என்னால் முடியும். மாதிரிக்கு நானே தயாரித்த ஒரு பட்டியலை இணைத்திருக்கிறேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் தினம் ஆறு மணி நேரம் வர முடியும். மாதம் ரூ. 6,000 எதிர்பார்க்கிறேன். நேரில் வந்து பேச அனுமதி தர வேண்டுகிறேன்.”

இந்தக் கடிதத்தில் தன்னைப் பற்றிய புகழுரை ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன செய்ய முடியும், எப்போது வர முடியும், எவ்வளவு வேண்டும் என்ற மூன்றும், தலைகுனியாமலும் தலைநிமிர்ந்து நிற்கிறோம் என்று காட்டிக்கொள்ளாமலும் சொல்லப்பட்டிருக்கின்றன. பலருக்கு எழுதினாள், பலர் பதில் போடவில்லை, ஒருவர் கூப்பிட்டார். ஐயாயிரத்துக்குப் பேசி முடிந்தது. தினம் வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய்வந்த அவளுக்கு அந்த ஐயாயிரம் முழுதும் மிச்சம்.

இதற்கு நேர்மாறான வியாபாரத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு மதிப்பெண் உண்டு என்று ஆனபிறகு, ஐ.பி.டி. (இன்-பிளான்ட் டிரெய்னிங்) என்றும் இன்டர்ன்ஷிப் என்றும் பெயர் வைத்து, பிள்ளைகளிடமே இரண்டாயிரம் மூவாயிரம் வாங்கிக்கொண்டு ஐந்து நாளில் சான்றிதழ் அச்சடித்துக் கொடுக்கும் இடங்கள் பெருகிவிட்டன. வேறு சில இடங்களில் பதிவுக்கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட், ‘பிளேஸ்மென்ட் உறுதி’ என்று படிப்படியாகத் தொகை ஏறும்; தகப்பனார் நகையை அடகு வைத்துக் கட்டிய பிறகு போனை எடுக்க ஆளிராது. தேர்வு என்ற பெயரில் ஒரு கம்பெனியின் முழு வெப்சைட்டையே பல விண்ணப்பதாரர்களிடம் துண்டுதுண்டாக வாங்கிக்கொண்டு, ஒருவரையும் எடுக்காமல் விட்ட சங்கதியும் என் காதுக்கு வந்தது. பயிற்சிக்குப் போகிறவர் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை. அசல் சான்றிதழ்களையும் கொடுக்கக் கூடாது. சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம். அசலை பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் அவசியமில்லை.

சரி, கேட்பது எப்படி? எச்.ஆர். போனில் பேசும்போது, வேலை என்ன, யார் கீழே, எத்தனை மாதம் என்ற விஷயங்களெல்லாம் முடிந்த பிறகு, “மேடம், இந்த இன்டர்ன்ஷிப்புக்கு மாச ஸ்டைபெண்ட் எவ்வளவு, எந்தத் தேதியில வரும்னு சொன்னீங்கன்னா, நான் தங்குற இடத்துக்கு ஏற்பாடு பண்ணிக்குவேன்” என்று சாதாரணக் குரலில் கேட்டுவிடலாம். ஸ்டைபெண்ட் உண்டா இல்லையா என்று கேட்டால் இல்லை என்று சொல்வது சுலபம். எவ்வளவு என்று கேட்கும்போது அவர் ஒரு தொகையைப் பற்றி யோசித்தாக வேண்டும். ‘பெர்ஃபார்மன்ஸ் பார்த்துச் செய்வோம்’ என்று பதில் வந்தால், குறைந்தபட்சத் தொகை ஒன்றை மெயிலில் போடும்படி கேளுங்கள். தொகை, தேதி, வேலை நேரம், மேற்பார்ப்பவர் பெயர், முடிவில் தரும் சான்றிதழ் ஆகிய ஐந்தும் எழுத்தில் வந்த பிறகே கல்லூரியில் போனஃபைடுக்கும் என்.ஓ.சி.க்கும் எழுதிக் கொடுங்கள். துறைத்தலைவர் கையெழுத்துக்காக மூன்று நாள் வராந்தாவில் நிற்க நேர்ந்தாலும், அந்தக் கடிதத்தில் பயிற்சியின் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகைப்பதிவுத் தகராறு வரும்போது அதுவே துணை.

இதைப் படிக்கும் சிறு முதலாளிகள் சிலரும் இருப்பார்கள் என்று நம்பி, அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்களிடம் நான்கு பேர் வேலை செய்தாலே அப்ரண்டிஸ் எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பட்டதாரிக்கு நீங்கள் கொடுக்கும் குறைந்தபட்சத் தொகையில் பாதியை, தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் வழியாக அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தொகை பெரிய பாரம் என்று நினைத்து, பணமில்லாமல் வரும் பிள்ளையைத் தேடுகிறவர்கள், அதில் பாதியிலேயே ஒரு வருஷத்துக்கு முறையாக ஒருவரை எடுக்க முடியும் என்பதைத் தங்கள் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி, ஸ்தாபனத்தின் பெயரை அந்தத் தளத்தில் பதிந்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மே மாதம் தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளைகள் உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டுத்தான் அதில் தேடுவார்கள்.